மகரிஷி தேவேந்திரநாதர் தந்தை கடன் தீர்த்த வரலாறு

கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிய நாள் தொடங்கி அதன் பணம் கைக்கு வந்து சேரும் நாள்வரை நம் கச்சிராயபாளையத்து உழவர் மனைகளில் நிகழும் பேச்சு ஒன்றேயாம். இன்னார்க்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்கு இத்தனை திங்கள் வட்டி நின்றுவிட்டது. அடகு வைத்த சங்கிலியை மீட்கும் தவணை நெருங்கிவிட்டது. மூத்தவளின் திருமணக் கடன் தீருமுன் இளையவளுக்கு வரன் வந்துவிட்டது என்பனவே அப்பேச்சு. கோமுகி அணையில் நீர் பெருகினும் வற்றினும் இப்பேச்சு மட்டும் வற்றுவதில்லை.

சென்ற திங்களில் நம் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மாலைப்பொழுதில் எம் இல்லம் போந்தார். எம்மிடத்துத் தமிழ் பயின்றவர். இப்பொழுது நிலையான ஊதியம் பெறுபவர். தம் தமையனார் தொழில் நிமித்தம் பெருந்தொகை ஒன்றைக் கடனாகப் பெற முயல்வதாகவும், ஊதியச் சான்றுடையார் ஒருவர் பிணைக் கையெழுத்து இடவேண்டுமெனக் கடன் தருவோர் கேட்பதாகவும் கூறி, தாம் இடலாமா என்று எம்மை வினவினார். இடுக என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. வேண்டா என்று சொல்லவோ, உடன்பிறந்தார் இருவர்க்கிடையே புகுந்து பேசுகின்றோமே என்னும் கூச்சம் தடுத்தது. மறுநாள் வருக என்று அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு எம் நினைவில் எழுந்தவர் மகரிஷி தேவேந்திரநாத தாகூர். கவி இரவீந்திரநாதரின் தந்தையார் என்றால் நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். அவரைப் பிரம சமாசத் தலைவராகவும் தவச் செல்வராகவும் வைத்து எழுதுவார் பலர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவர்தம் சமயத்தைப் பற்றியன்று. கடன் என்னும் நெருப்பாற்றை அவர் நீந்திக் கடந்த வகையைப் பற்றியே. நிலமும் குலமும் மொழியும் வேறாயினும் கடன்பட்ட வீட்டின் இயல்பு எங்கும் ஒன்றாதலின், கல்கத்தா நகரத்து மாளிகை ஒன்றின் கதை நம் கல்வராயன் மலையடிவாரத்து வீடுகளுக்கும் பொருந்தும் எனத் துணிந்தோம்.

தேவேந்திரநாதரின் தந்தையார் துவாரகாநாத தாகூர் 1794இல் பிறந்தவர். அரசாங்கத்தின் உப்பு, அபினி அலுவலகத்தில் உயர்ந்த பதவி வகித்து, பின்னர் அதனை விடுத்து 1834இல் ஆங்கிலேயர் ஒருவரைக் கூட்டாளியாகக் கொண்டு கார், தாகூர் கம்பெனி என்னும் வாணிக நிலையத்தை நிறுவினார். அவுரி, பட்டு, சர்க்கரை, நிலக்கரி, கப்பல் என அவர் கை வைக்காத தொழில் இல்லை. 1829இல் கல்கத்தாவில் தோன்றிய யூனியன் பாங்கு என்னும் நிதிநிலையமும் பெரும்பாலும் அவருடைய செல்வாக்கில் நடந்தது. வங்காளத்திலும் ஒரிஸாவிலும் விரிந்த ஜமீன்கள் இருந்தன. பெல்காச்சியாவிலிருந்த அவருடைய தோட்ட மாளிகையின் விருந்துகளைப் பற்றி நகரமெல்லாம் பேசிற்று. 1842இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியாரையும் கண்டு வந்தார். மருத்துவக் கல்விக்கும் ஏழையர் காப்புக்கும் அவர் வாரி வழங்கினார் என்பதையும் மறவாது சொல்லுதல் வேண்டும். இளவரசர் என்றே அவரை மக்கள் அழைத்தனர்.

ஆயின் அச்செல்வத்தின் உள்ளமைப்பை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். கம்பெனிக்கு வேண்டிய முதலை நிதிநிலையம் கடனாகத் தந்தது. நிதிநிலையத்தை நடத்தியவருள் கம்பெனியின் நண்பரே மிக்கிருந்தனர். ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும் பணம் வெளியிலிருந்து நோக்குவார்க்கு இரண்டு பணமாகத் தோன்றும். துவாரகாநாதர் இதனை அறியாதவர் அல்லர். வாணிகம் ஒருநாள் கவிழக்கூடும் என்று எண்ணியே, 1840இல் ஜமீன்கள் சிலவற்றைப் பிரித்து டிரஸ்டு சாசனம் ஒன்று எழுதி, கடன்காரர் எவரும் தொடமுடியாதவாறு தம் மக்களுக்கென வேலியிட்டு வைத்தார். இச்சாசனத்தை அன்பர்கள் நினைவில் வைக்க. கதையின் திருப்பம் இதனிடத்தே இருக்கின்றது.

மூத்த மைந்தராகிய தேவேந்திரநாதர் பிறந்தது 1817 மே 15ஆம் நாள். இளமையில் அவரும் செல்வச் சிறப்பில் திளைத்தவரே. தம் சிறிய தந்தையார் இரமாநாதர் பொருளாளராக இருந்த யூனியன் பாங்கிலேயே அவர்க்கும் ஓர் அலுவல் தரப்பட்டது. பேரேடும் கணக்கும் புரண்ட அந்நாட்களில், ஏதோ ஒரு வடமொழி நூலினின்று கிழிந்த தாள் ஒன்று காற்றில் அவர் எதிரே பறந்து வந்ததாம். அது ஈசோபநிடதத்தின் ஏடு எனவும், பிறர் பொருளை விழையாமை அதன் கருத்துள் ஒன்று எனவும் அறிஞர் ஒருவர் வாயிலாகக் கேட்டறிந்தார். அது முதல் அவர் மனம் வேறு வழியில் திரும்பிற்று. 1839இல் தத்துவபோதினி சபையை அமைத்தார். 1843இல் பிரம சமாசத்தில் சேர்ந்தார். தந்தையார்க்கு இது பெருங்குறையாகவே இருந்தது. வாணிகத்தைக் கவனியாத மைந்தன் கையில் இவ்வளவும் என்ன ஆகுமோ என்று அவர் வருந்தியது இயல்பே.

துவாரகாநாதர் இரண்டாம் முறை இங்கிலாந்து சென்றிருந்தபொழுது 1846 ஆகஸ்டு 1ஆம் நாள் இலண்டன் நகரில் காலமானார். தேவேந்திரநாதர்க்கு அப்பொழுது வயது 29. கம்பெனியில் தந்தையார்க்கிருந்த பாதிப் பங்கு மரண சாசனத்தின்படி அவர் ஒருவர்க்கே உரியதாயிற்று. அவரோ தம்பியர் கிரீந்திரநாதரையும் நகேந்திரநாதரையும் விடுத்துத் தாம் மட்டும் உண்பது முறையன்றெனக் கருதி, அப்பங்கினை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். அன்பினால் செய்த பாகம் அது. நட்டம் வந்தபொழுது அதுவும் அவ்வாறே பாகமாயிற்று.

நட்டம் வர நெடுநாள் ஆகவில்லை. 1847இல் இலண்டன் நகரத்து வாணிகத்தில் பெருந்தளர்ச்சி நேர்ந்தது. அவுரியின் விலை வீழ்ந்தது. அவுரி வாணிகர்க்குக் கடன் கொடுத்திருந்த யூனியன் பாங்கு 1848இன் தொடக்கத்தில் வீழ்ந்தது. இக்காலத்துக் கம்பெனிகளில் பங்கு வாங்கியோர் தாம் இட்ட முதலை இழப்பதோடு தப்பிவிடலாம். இந்தியாவில் அத்தகைய வரம்பினை 1857ஆம் ஆண்டுச் சட்டமே முதன்முதல் வாணிகக் கம்பெனிகளுக்கு அளித்தது. பாங்குகளுக்கு 1860இல்தான் கிடைத்தது. அதற்கு முன்னர்க் கூட்டு வாணிகம் கவிழ்ந்தால் கூட்டாளியின் வீடு, நிலம், பண்டம், பாத்திரம் அனைத்தும் கடனுக்கு ஈடு. கல்கத்தாவில் அவ்வாண்டு வீடிழந்தோர் தொகை சிறிதன்று.

கார், தாகூர் கம்பெனியின் கடைசி நாளைத் தேவேந்திரநாதர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். 30,000 ரூபாய்க்கு உண்டியல் ஒன்று வந்தது. கொடுக்கப் பணமில்லை. கொண்டுவந்தவன் பொழுதெல்லாம் காத்திருந்து, மாலையில் பணம் பெறாமலே உண்டியலைத் திருப்பிக்கொண்டு சென்றான். உண்டியல் வாணிகத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்த கடை, 30,000 ரூபாயைக் கொடாமல் ஒருவனைத் திருப்பியனுப்பியவுடனே அதன் பெயர் போயிற்று. கதவு அடைக்கப்பட்டது. தேவேந்திரநாதர்க்கு அப்பொழுது வயது 30.

கணக்கு எடுத்தனர். கொடுக்கவேண்டிய கடன் ஏறத்தாழ 1 கோடி ரூபாய். வரவேண்டியது 70 இலட்சம். குறை 30 இலட்சம். இத்தொகையின் பெருமையை நம்மவர் உணர்தற்பொருட்டு ஒன்று சொல்லுவோம். முப்பது ஆண்டுகளுக்குப் பிற்பட்டு, 1880இல், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபொழுது அவர்கள் பெற்ற ஊதியம் திங்களுக்கு 50 ரூபாய். அவ்வூதியம் முழுவதையும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் அக்குறையை அடைக்க 5,000 ஆண்டுகள் ஆகும். தமிழ்ப் பண்டிதர்கள் கணக்கில் வல்லரல்லர் என்பார்க்கு இக்கணக்கையும் சேர்த்தே சமர்ப்பிக்கின்றோம்.

சில நாட்களில் கடன் கொடுத்தோர் அனைவரும் கம்பெனியில் கூட்டப்பட்டனர். கார்டன் என்னும் ஆங்கிலேயர் கம்பெனியின் தலைமை அலுவலர். அவர் எழுந்து கணக்கினைப் படித்தார். உரிமையாளர் தம் ஜமீன்களையும் வரவேண்டிய பாக்கிகளையும் பிற உடைமைகளையும் கொடுத்துவிட இசைந்துள்ளனர் என்றும், டிரஸ்டு சாசனத்தில் அடங்கிய நிலங்களைமட்டும் சட்டப்படி எவரும் தொடவியலாது என்றும் அறிவித்தார். அவர் சொன்னது முற்றும் உண்மை. பொய்க்கணக்கு ஒன்றுமில்லை, மறைத்த பண்டம் ஒன்றுமில்லை, தந்தையார் இட்ட வேலி அங்கே நின்றது, அவ்வளவே. அவ்வேலிக்குள் இருந்துகொண்டே சகோதரர் மூவரும் வாழ்நாள் முழுவதும் குறைவின்றி வாழ்ந்திருக்கலாம். உலகமும் பழித்திராது.

அவ்வவையிலேயே தேவேந்திரநாதர் தம்பி கிரீந்திரநாதரைத் தனியே கலந்தார். கார்டன் துரை சட்டம் பேசுகின்றார். இவ்வேளையில் நாமே முன்வந்து, எவரும் தொடமுடியாத அந்நிலங்களையும் விட்டுக்கொடுக்கச் சித்தமாயுள்ளோம் என்று சொல்லிவிடுவதே தக்கது. பிதாவின் கடனினின்றும் நீங்குதற்கு அவற்றையும் விற்கவேண்டுமாயின் விற்போம் என்பது அவர் கருத்து. தம்பியும் இசைந்தார். அதனை அவையில் சொன்னபொழுது, சற்றுமுன் முகம் சுளித்திருந்தோர் முகமெல்லாம் வேறாயின. கடன் கொடுத்தோருள் சிலர் கண்ணீர் வடித்தனராம். தாம் கொடுத்த பணம் தொலைந்தது என எண்ணி வந்தவர்கள், தமக்குக் கடன்பட்டவர்க்காக இரங்கினர். அவர்கள் அன்று செய்த ஏற்பாடு இது: உடைமை முழுவதும் தம் மேற்பார்வையில் இருக்கும், அதன் வருவாயிலிருந்து குடும்பத்தாரின் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் தரப்படும், எஞ்சியது கடனுக்குச் செல்லும்.

ஆண்டுக்கு 25,000 ரூபாய் வறுமையாகுமா என்று நம்மவர் நகைக்கக்கூடும். நகைப்பது முறையே. ஆயினும் அரசரைப் போல் வாழ்ந்த ஒரு பெருங்குடும்பம் நேற்றுவரை செலவிட்ட தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வருவாய் இறங்கியவிடத்து வாழ்க்கையும் உடனே இறங்குவது அரிது. வண்டி விற்றபின்னும் வண்டிக்காரன் சம்பளம் பெறும் வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். தேவேந்திரநாதர் காத்திருக்கவில்லை. வேலையாட்களைக் குறைத்தார். குதிரைகளையும் வண்டிகளையும் ஏலத்தில் விற்றார். உணவையும் உடையையும் எளிமையாக்கினார். துறவு பூண்டு காட்டிற்குச் செல்ல விரும்பிய தமக்கு வீட்டிலேயே துறவு வாய்த்தது என அவர் மகிழ்ந்ததாகத் தெரிகின்றது. அவர் மகிழ்ந்தது மெய்யாகலாம். அவ்வீட்டுப் பெண்டிர் என்ன நினைத்தனர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. மக்கட்பேறு மிக்க அம்மனையில் சமையற்கட்டை நடத்திய சாரதா தேவியாரையும் இவ்விடத்தில் யாம் நினைக்கின்றோம்.

இக்காலத்தைப் பற்றி அக்குடும்பத்தில் வழங்கிய கதை ஒன்றை அவனீந்திரநாத தாகூர் சொல்லியிருக்கின்றார். சோபாபஜார் அரசர் மாளிகையில் இசையரங்கு ஒன்று நடந்தது. செல்வம் இழந்த தாகூர் எவ்வாறு வருவார் என்று காண நகரத்துப் பெரியோர் பலர் ஆவலோடு அமர்ந்திருந்தனர். தேவேந்திரநாதர் அணி ஒன்றும் இன்றி, தூய வெண்ணிற ஆடை உடுத்து வந்தார். கால் செருப்பில்மட்டும் முத்துக்கள் இழைக்கப்பட்டிருந்தன. நாம் தலையிலும் கழுத்திலும் அணிவதை இவர் காலில் அணிகின்றார் என்று அரசர் வியந்தாராம். கேட்போர்க்கு இனிய கதையே. ஆயினும் எமக்கு இதில் உடன்பாடில்லை. அம்முத்துக்களும் கடன் கொடுத்தோர்க்கு உரியனவல்லவோ? கடனாளி ஊராரின் கண்ணுக்குத் தாழாமல் தோன்றவேண்டும் என்னும் ஆசை பெரியோரையும் விடுவதில்லை போலும். நம் ஊரில் கடன் வாங்கிக் காதணி விழா நடத்துவோரைக் குறை கூறுமுன் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

சில காலம் சென்றபின் கடன் கொடுத்தோர், இச்சகோதரர்பால் கொண்ட நம்பிக்கையால், நிலங்களின் நிருவாகத்தை அவர்களிடமே ஒப்புவித்தனர். அலுவலகம் வீட்டிற்கு வந்தது. கிரீந்திரநாதர் நிருவாகத் திறம் வாய்ந்தவர். அவர் கணக்கை நடத்த, கடன் சிறிது சிறிதாகக் குறைந்தது. முறியில் எழுதிய கடனோடு அமையாது, வாயால் சொன்னதும் தீர்க்கப்பட்டது. துவாரகாநாதர் கல்கத்தாவின் மாவட்டத் தரும சங்கத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக வாக்களித்திருந்தார். கொடுக்குமுன் இறந்துவிட்டார். தருமத்திற்குச் சொன்ன சொல்லைக் கடனென்று எந்த நியாயத்தலமும் வற்புறுத்தியிராது. தேவேந்திரநாதர் அத்தொகையை வட்டியோடு செலுத்தினார்.

சட்டம் விடுவித்த கடனையும் தீர்த்தவர் இவர் ஒருவரேயல்லர். தேசபந்து சித்தரஞ்சன் தாசரும் அவர் தந்தையாரும் 1906இல் கடன் செலுத்த இயலாதோர் என நியாயத்தலத்தால் அறிவிக்கப்பட்டு விடுதலை பெற்றவர்கள். வழக்குரைஞர் தொழிலில் பொருள் ஈட்டிய பின்னர்ச் சித்தரஞ்சனர் 1913இல் பழைய கடன்காரர் அனைவர்க்கும் செலுத்தினார். வங்காளத்தார் இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பேசுவர். 

இதுவரை சொன்னவை பலரும் போற்றுவன. யாம் சொல்லவந்தது இனிமேல்தான் இருக்கின்றது.

1854இல் கிரீந்திரநாதர் இறந்தார். கணக்கைத் தாங்கிய கை போயிற்று. பொறுத்திருந்த கடன்காரர் சிலர் பொறுமை இழந்தனர். ஒருநாள் நியாயத்தலத்தின் சேவகன் பிடியாணையோடு வந்து தேவேந்திரநாதரைப் பிடித்தான். மகரிஷி என்று பிற்காலத்தில் உலகம் வணங்கிய பெரியார், கடனுக்காகச் சேவகன் முன்னர் நின்றார். தாயாதியாகிய பிரசன்னகுமார தாகூர் முன்வந்து, நில வருவாயைத் தம்மிடம் செலுத்திவருவதாயின் கடன்காரரைத் தாம் ஒழுங்கு செய்வதாக ஏற்று உதவினார். உற்றாரிடத்தும் ஏற்பாட்டோடு பெற்ற உதவியாதலின் அது நிலைத்தது.

இந்நிலையில்தான் இளைய தம்பி நகேந்திரநாதர் தமையனாரிடம் வந்தார். இவர் தந்தையாரோடு இங்கிலாந்து சென்று பயின்று வந்தவர், ஈகைக்குணம் மிக்கவர், பிறர் துன்பம் கண்டு பொறாதவர். கையில் பொருள் இல்லாதபொழுதும் கொடுக்கும் வழக்கம் அவரைக் கடனில் வீழ்த்தியிருந்தது. கடன்காரன் ஒருவன் நெருக்கினான். 10,000 ரூபாய்க்கு முறி எழுதி, அதில் தமையனாரும் கையெழுத்திட்டால் அவன் பொறுத்துக்கொள்வான். கேட்டது பணமன்று, ஒரு கையெழுத்தே.

தேவேந்திரநாதர் மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணம் எளியது. முன்னர் உள்ள கடனையே எவ்வாறு தீர்ப்பதென்று கவலுகின்ற தாம், கொடுக்கமுடியும் என்று உறுதியாக அறியாத ஒன்றிற்குக் கொடுப்பேன் எனக் கையெழுத்திடுதல் அறத்திற்கு மாறு என்பதே அது. தம்பிக்கு இச்சொல் பொறுக்கவில்லை. மனம் நொந்து வீட்டை விட்டு நீங்கிச் சிறிய தந்தையார் இரமாநாதர் மனையில் சென்று தங்கினார். தமையனார்க்கும் நோவு இல்லாமலில்லை. அதனைத் தம் வரலாற்றில் மறையாது எழுதியிருக்கின்றார்.

இப்பகுதியை முதலில் படித்தபொழுது யாம் அவர்மேல் சினம் கொண்டோம். முப்பது இலட்சத்திற்குத் தலை கொடுத்தவர் பத்தாயிரத்திற்குக் கை கொடுக்கவில்லையே என்று எண்ணினோம். தந்தையார் இட்ட வேலியைப் பெயர்த்தெறிந்த அதே மனிதர், தம்பி கேட்டவிடத்துத் தாமே ஒரு வேலியிட்டது முரணாகத் தோன்றிற்று. முரணன்று என்பதை எமக்கு உணர்த்தியது நூலறிவன்று.

ஆசிரியப் பணியில் அமர்ந்த சில ஆண்டுகளில் யாமும் நெருங்கியவர் ஒருவர்க்குப் பிணைக் கையெழுத்து இட்டோம். அவர் நல்லவர், இன்றும் நல்லவரே. வெயிலில் நடந்து வந்திருந்தார், நீர் கொடுத்தோம், நீர் பருகி முடிக்குமுன் கையெழுத்து முடிந்துவிட்டது. தாளில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவுமில்லை. இலக்கண நூலில் ஓர் எழுத்துப் பிழை கண்டால் இரவெல்லாம் துயிலாத யாம், எம் பெயர் இட்ட தாளைப் படிக்கவில்லை! ஒன்றரை ஆண்டு கழித்துக் கடிதம் வந்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் எம் ஊதியத்தில் ஒரு பகுதி எம் இல்லத்திற்கு வராமலே சென்றது. எம் மனைவியார் தம் தாய் கொடுத்த வளையலை விற்றார்; அதற்கு ஈடாக இன்னும் யாம் ஒன்றும் செய்துகொடுக்கவில்லை. அந்நான்கு ஆண்டுகளில் எம்மை வருத்தியது பணத்தின் இழப்பு மட்டுமன்று. கையெழுத்திட்டபொழுது நாம் இதனைச் செலுத்துவோமா என்று ஒரு நொடியும் எண்ணவில்லையே என்பதே பெரிதும் வருத்திற்று. செலுத்தும் எண்ணமின்றியே செலுத்துவேன் என்று எழுதிக்கொடுத்திருந்தோம். அவர் கட்டிவிடுவார் என நம்பினோம் என்பது மெய். ஆயினும் தாளில் இருந்தது எம் நம்பிக்கையன்று, எம் வாக்கு.

இதன்பின் தேவேந்திரநாதர் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தபொழுது அவ்விரு செயல்களும் ஒரே செயலாக விளங்கின. இறந்த தந்தையின் கையெழுத்தையும் தம் கையெழுத்தாகவே கொண்டு வாழ்நாளெல்லாம் அதற்குச் செலுத்தியவர்க்குக் கையெழுத்து என்பது இன்னதென்று தெரியும். ஒரு கோடி ரூபாய்க்கு அதன் எடையை நிறுத்துப் பார்த்தவர் அவர். ஆதலின் தம்பி நீட்டிய எழுதுகோலை அவரால் இலேசாக வாங்க இயலவில்லை. முன்னதற்குக் கொடுத்தது சொத்து; பின்னதற்குக் கேட்கப்பட்டது உண்மை.

மறுநாள் அவ்விளைஞர் வந்தபொழுது இப்பகுதியை மட்டும் அவர்க்குச் சொன்னோம். வளையல் செய்தியையும் சொன்னோம். கடன் தவறினால் திங்கள்தோறும் எவ்வளவு செலுத்தவேண்டிவரும் என்பதை முதலில் கேட்டறிந்து, அத்தொகையைத் தம் இல்லச் செலவிலிருந்து எடுத்துவைக்க இயலுமா என்று மனையாளோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்கும்படி கூறினோம். அவர் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சென்றார். கையெழுத்திட்டாரா என்பதை யாம் கேட்கவில்லை.

தேவேந்திரநாதர் 1856இல் இமயமலை நோக்கிப் புறப்பட்டார். சிம்லாவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் உலவி, 1858இன் இறுதியில் கல்கத்தா திரும்பினார். அவ்வாண்டிலேயே நகேந்திரநாதர் இறந்தார். மூவரில் எஞ்சியவர் மூத்தவர் ஒருவரே. தம்பிக்கு மறுத்த அக்கையெழுத்தை அவர் பின்னாளில் எத்தனை முறை நினைந்தாரோ! செய்தது சரியாயிருந்தும் நெஞ்சில் தைத்துக் கிடக்கும் செயல்கள் உண்டு.

எஞ்சிய கடனை அவர் நில வருவாயிலிருந்து ஆண்டுதோறும் செலுத்தித் தீர்த்தார். தீர்ந்த பின்னரும் வீட்டின் செலவு பழைய அளவுக்கு ஏறவில்லை. 1861இல் பிறந்த இரவீந்திரநாதர், செல்வர் வீட்டுப் பிள்ளையென்று தம்மை எவரும் சொல்லியிரார் எனத் தம் இளமை நினைவுகளில் குறித்திருக்கின்றார். பத்து வயது நிரம்பும்வரை காலுறையோ புதையடியோ அணிந்ததில்லையாம். குளிர்காலத்தில் ஒரு பருத்திச் சட்டையின்மேல் மற்றொரு பருத்திச் சட்டை, அவ்வளவே. அது குறையென்று அப்பிள்ளைகளுக்குத் தோன்றவுமில்லை. தையற்காரன் சட்டையில் பை வைக்க மறந்துவிடுவதே அவர்களுக்குப் பெருங்குறை.

1873இல் பன்னிரண்டு வயது நிரம்பாத அம்மைந்தரைத் தந்தையார் உடனழைத்துக்கொண்டு போல்பூருக்கும், அங்கிருந்து இமயமலைக்கும் சென்றார். பயணத்தில் சில்லறைக் காசுகளைச் சிறுவர் கையில் கொடுத்து, செலவுக்குக் கணக்கு வைக்கும்படி பணித்தார். தம்முடைய விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்குத் திங்கள்தோறுமன்றி நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்புவித்தார். பழுதாகிவிடும் என்று அவர் அஞ்சவில்லை. சிறுவர் மிகுந்த ஊக்கத்தோடு சாவி முறுக்கக் கடிகாரம் கல்கத்தாவுக்குப் பழுது பார்க்கப் போயிற்று. கணக்கோ ஒருநாளும் ஒத்துவரவில்லை. ஒருமுறை கணக்கின்படி இருக்கவேண்டியதைக் காட்டிலும் கையில் மிகுதியாகவே இருந்தது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை, இவன் கையில் பணம் வளர்கின்றதாதலின் இவனையே நம் காசாளனாக அமர்த்தவேண்டும் என்று நகையாடினாராம். நம் பிள்ளைகள் கையில் கடைக்குச் செல்லக் காசு கொடுக்கின்றோம். திரும்பி வந்தபின் கணக்குக் கேட்போர் எத்துணைப் பேர்?

முதுமையில் தேவேந்திரநாதரின் கண்ணொளி மங்கிற்று. பார்க் தெருவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். ஒவ்வொரு திங்களின் தொடக்கத்திலும், இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ, நிலங்களின் வரவுசெலவுக் கணக்கை இரவீந்திரநாதர் அவர் முன்னர்ப் படித்தல் வேண்டும். உலகறிந்த கவியாக வளர்ந்துகொண்டிருந்த மைந்தர்க்கு அந்நாள் அச்சம் தரும் நாளாகவே இருந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தலைப்பின் மொத்தத்தையும் கேட்பார்; சென்ற திங்களின் தொகையையும் சென்ற ஆண்டின் தொகையையும் மனத்துள் அதன் அருகே வைத்து நோக்குவார். ஐயம் தோன்றின் உட்பிரிவுகளைப் படிக்கச் சொல்லுவார். அவர்க்கு மனவருத்தம் தரக்கூடிய செலவு ஏதேனும் இருப்பின் அதனை விரைந்து கடந்துவிட மைந்தர் முயல்வதுண்டு. ஒருமுறையேனும் அது பலித்ததில்லை. எந்த வரியை விட்டுச் சென்றாரோ அந்த வரியிலேயே தந்தையார் கையை உயர்த்தி நிறுத்துவார்; மைந்தரும் ஏட்டைப் புரட்டி அவ்வரியை மீண்டும் படிப்பார்.